சீமை மீட்டர் சொன்ன வோல்ட்டேஜ்

தங்க வயலில், ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த கொர்னேலியஸுக்கு, தன் மேஜைமேல் கிடக்கும் ஜப்பான் மீட்டரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். உள்ளங்கையில் அடங்குகிற சாமான் அது. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்ததை வேறு வழியில்லாமல் வாங்கி வந்திருந்தார். வோல்ட்டேஜ் பார்ப்பதற்கும், கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கும் அது ஒன்றுதான் இருந்தது.

பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தபோது அவர் கைக்குப் பழகியது வேறு மீட்டர். செங்கல் அளவுக்குக் கனமாக, கறுப்பாக, தோல் வார் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிற சீமை மீட்டர். அதன் முள் எழுந்தால் எழுந்த இடத்தில் நிற்கும். ஊசி முனை போன்ற முள்ளுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பட்டை. முள்ளின் நிழல் முள்ளோடு சேர்ந்து மறைகிற மாதிரி நேராகப் பார்த்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். ஜபல்பூரில் ஒரு சர்தார்ஜி ஹவில்தார் அப்படிப் படிக்காதவனை வெயிலில் ஓடவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் தொழில் கற்றுவிட்டு வந்தவர், இங்கே ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

பொம்மை என்று அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வால்வு ரேடியோவுக்குள் சில இடங்களில் மின்சாரம் மிக மெலிதாகத்தான் ஓடும். அங்கே ஜப்பான் மீட்டரை வைத்தால், அளக்க வந்த மீட்டரே கொஞ்சம் குடித்துவிடும். தொண்ணூறு வோல்ட் இருக்கிற இடத்தில் ஐம்பதோ அறுபதோ காட்டும். ஒரு முறை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் ரேடியோவில் அப்படிக் காட்டிய எண்ணை நம்பி, நன்றாக இருந்த பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றி, வால்வையும் மாற்றினார்; கடைசியில் ரேடியோ முன்பு எப்படி ஊமையாக இருந்ததோ அப்படியே இருந்தது. பொறுமை இழந்த வாத்தியார் அதைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த தசரதன் கடைக்குப் போனார். உள்ளே ஒரு மெல்லிய கம்பி விட்டுப்போயிருந்ததைத் தசரதன் பார்த்துப் பற்றவைத்தான். சாயந்தரம் ரேடியோ பாடியது.

தசரதனிடம் இருந்ததும் அதே மாதிரி ஜப்பான் மீட்டர்தான். ஆனால் அவன் அதை அதிகம் எடுப்பதே இல்லை. தட்டிப் பார்ப்பான், முகர்ந்து பார்ப்பான், சந்தேகப்பட்ட பாகத்துக்குப் பதிலாக வேறொன்றை வைத்துப் பார்ப்பான். பாடினால் சரி.

"மீட்டரயே பாத்துக்கினு இருந்தா ரேடியோ பாடிருமா, கொர்னேலியஸு?" என்று அன்று டீக்கடையில் நாலு பேர் நடுவில் கேட்டான்.

"அளக்காம செய்றது வேலையே இல்ல தசரதா. குருட்டாம்போக்கு."

"சரி. என் குருட்டாம்போக்கு பாடுது. உன் அளவு பாடலியே."

கொர்னேலியஸ் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். வீட்டில் மனைவி நேசமணியிடம், "நல்ல மீட்டர் ஒண்ணு மட்டும் இருந்திருந்தா அஞ்சு நிமிசம். அஞ்சே நிமிசத்துல சொல்லிருப்பேன்," என்றார். நேசமணி கடைக்குப் பின்னாலிருந்த அறையில் உட்கார்ந்து டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறவள். கைப்பிடி வைத்த சின்ன மெஷினில் முடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றுக்குச் சுற்று எண்ணிச் சுற்ற வேண்டும். நடுவில் பேசினால் கணக்கு விட்டுப்போகும். அதனால் அவர் பேசுவதற்குத் தலையை மட்டும் ஆட்டுவாள். அந்த "நல்ல மீட்டர்" பேச்சுக்குக் கல்யாணமான நாள் முதல் தலையாட்டியிருக்கிறாள்.

நல்ல மீட்டர் கடைசியில் வரத்தான் வந்தது. தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்குப் போன பிறகு, வெள்ளைக்காரக் குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. சாம்பியன் ரீஃப் பகுதியில் ஒரு பங்களாவில் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பியானோ பார்க்கப் போன கூட்டத்தோடு கொர்னேலியஸும் போனார். வராந்தாவில் கட்டில், பீங்கான் தட்டு, மான் கொம்பு எல்லாம் பரப்பிக் கிடந்தன. ஒரு மூலையில், தோல் வாரோடு, அது இருந்தது. குனிந்து பார்த்தார். முள்ளுக்குக் கீழே கண்ணாடிப் பட்டை.

கையில் இருந்தது போதவில்லை. பட்டாளத்துக் கழிவு விற்பனையில் எடுத்துத் தானே சரிசெய்து ஓட்டிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளை அன்றைக்கே ராபர்ட்சன்பேட்டைக் கசாப்புக்கடைக்காரருக்கு விற்றார். மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். ஜப்பான் மீட்டரை மறுவாரம் மாரிகுப்பத்திலிருந்து வந்த யாரோ ஒரு வயரிங்காரனுக்குக் கொடுத்துவிட்டார்.

"ரெண்டும் இருந்துட்டுப் போவட்டுமே," என்றாள் நேசமணி.

"எதுக்கு? புருசன் ஒருத்தன் போதாதா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்த ஒரு வருஷம் அவர் கோபமே படவில்லை என்று சொல்லலாம். அளந்தார், எண்ணைப் படித்தார், கோளாறைச் சொன்னார். சொன்னது சரியாக இருந்தது. பெங்களூரிலிருந்து லீவில் வந்த ஒருவர், அங்கே இரண்டு கடைக்காரர்கள் கைவிட்ட ரேடியோவை இவரிடம் கொண்டுவந்து சரிசெய்துகொண்டு போனார். எதிர்ச்சாரியைப் பார்த்தபடி கொர்னேலியஸ் கடை வாசலில் நின்று மீட்டரைத் துணியால் துடைத்தார், அவ்வளவுதான்.

மறுவருஷம் ஒரு மத்தியானம் பூமி குலுங்கியது. பல ஆயிரம் அடி ஆழத்தில் பாறை தாங்காமல் வெடிக்கும்போது மேலே ஊரே ஆடும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். தங்க வயலில் பிறந்தவர்களுக்கு அது புதிது இல்லை. பாத்திரம் உருளும், நாய் குரைக்கும், கொஞ்ச நேரம் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சுரங்கத்து அபாயச் சங்கு ஊதுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கு வந்தது பெரியது. கொர்னேலியஸ் கடையில் அலமாரியே முன்னால் சாய்ந்து, மேல்தட்டில் இருந்த மீட்டர் சிமெண்டுத் தரையில் முகம் குப்புற விழுந்தது.

அவர் அதை எடுக்கக் குனிந்தபோதுதான் சங்கு ஊதியது. தெருவில் பெண்கள் ஓட ஆரம்பித்தார்கள். கொர்னேலியஸும் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, சுரங்கத்துக்குள் ஆட்கள் இறங்கும் ஷாஃப்ட் பக்கம் ஓடினார். கூண்டு மேலே வர வர ஆட்களை இறக்கினார்கள். பலர் தாங்களாக நடந்து வந்தார்கள். சிலரைத் தூக்கிவந்தார்கள். முகம் மூடப்பட்ட இருவரைத் தூக்கிவந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. மாலையில் கடைக்குத் திரும்பிய கொர்னேலியஸ் மீட்டரை எடுத்துப் பார்த்தார். கண்ணாடி உடைந்திருந்தது. முள் வளைந்து ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கோபம் வந்தது. இரண்டு வீட்டில் ஒப்பாரி கேட்கிற நாளில் ஒரு மீட்டருக்காக அதை யாரிடம் காட்டுவது? மீட்டரைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் படுத்தார்.

பெங்களூரில் ஒருவர் இந்த மாதிரி மீட்டர்களைப் பழுதுபார்ப்பதாகச் சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த மாதம் வா என்றார்கள், போனார். சீமையிலிருந்து பாகம் வர வேண்டும் என்றார்கள். மறுபடி போனார். பங்காருபேட்டையில் ரயில் மாறி ரயில் மாறி அவருக்கு அந்த ஸ்டேஷன் டீக்கடைக்காரர் பழக்கமாகிவிட்டார். நடுவில் கையில் எந்த மீட்டரும் இல்லை. தசரதனைப் போலவே தட்டியும் முகர்ந்தும் வேலை செய்ய வேண்டியிருந்தது, அவனைப் போலக் கைவராமலே. ஒரு வழியாக மீட்டர் வந்தபோது புதுக் கண்ணாடி, நேரான முள், துடைத்துப் பளபளவென்று இருந்தது. உள்ளே கிடைக்காத ஒரு சின்ன பாகத்துக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த ஒன்றைப் போட்டிருந்தார்கள் என்பது கொர்னேலியஸுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் புது டார்ச்சு செல் ஒன்றை வைத்து அளந்தார். ஒன்றரை வோல்ட். முள் சரியாக வந்து நின்றது.

"பாத்தியா? உயிரோட வந்துட்டான்," என்று நேசமணியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

செல்லில் இருப்பது ஒரே பக்கம் ஓடும் மின்சாரம். அதை அளக்கிற பகுதியில் குறை இல்லை. சுவர்ப் பிளக்கில் வருகிற மாறுமின்சாரத்தை அளக்கிற பகுதியில்தான் அந்தப் பொருந்தாத பாகம் உட்கார்ந்திருந்தது. ஒன்று சரியாக இருந்ததால் மற்றதும் சரியாக இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதற்கடுத்த நாள் பிளக்கில் வைத்துப் பார்த்தார். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்றுக்கும் கீழே காட்டியது.

"அதானே பார்த்தேன்," என்றார். அவருக்கு ஒரு பெரிய புதிர் அவிழ்ந்த மாதிரி இருந்தது. ஊரில் ரேடியோ எல்லாம் ஏன் சுரத்தில்லாமல் பாடுகிறது, ஏன் கரகரக்கிறது, எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம். லைனில் வோல்ட்டேஜ் இல்லை. இத்தனை நாள் பொம்மை மீட்டர்களை வைத்துக்கொண்டு யாருக்கும் இது தெரியவில்லை. சீமை மீட்டர் வந்த வருஷம் அவரும் ரேடியோவின் உள்ளேதான் அளந்தாரே தவிர, பிளக்கை அளந்து பார்த்ததில்லை.

அந்தக் காலத்து ரேடியோவின் முதுகில் ஒரு சின்னத் திருகு இருக்கும். இருநூறு, இருநூற்று இருபது, இருநூற்று நாற்பது என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு வருகிற மின்சாரம் எவ்வளவோ அதற்குத் தக்கபடி அதைத் திருப்பி வைக்க வேண்டும். ரிப்பேருக்கு வந்த ரேடியோவுக்கெல்லாம் கொர்னேலியஸ் அதை இருநூறில் திருப்பி வைத்தார். உடனே சத்தம் கணீரென்று வந்தது. இட்லிக் கடை கிருஷ்ணம்மா, "இன்னாப்பா பண்ணே, தெருக்கோடி வரிக்கும் கேக்குது," என்று சந்தோஷப்பட்டாள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் அவள் கடையில் உட்காருவதே அந்த ரேடியோவுக்காகத்தான். அவள் சொல்லி வேறு பலரும் வந்தார்கள். ரிப்பேர் இல்லாத ரேடியோவைக்கூடத் திருகைத் திருப்பிக்கொள்ள எடுத்துவந்தார்கள்.

நேசமணிக்கு மட்டும் ஒன்று இடித்தது. "லைன்ல வோல்ட்டேஜ் கம்மின்னா பல்பு மங்கலா எரியணுமே. நம்ம ஊட்டுல நல்லாதானே எரியுது?"

"உன் கண்ணு மீட்டரா?"

அவள் மெஷின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

கொர்னேலியஸ் மின்சார ஆபீசுக்குப் போனார். வோல்ட்டேஜ் குறைவாக அனுப்பி ஊரை ஏமாற்றுகிறீர்கள் என்றார். அங்கிருந்த லைன்மேன் தன் மீட்டரைக் கொண்டுவந்து தெருக்கம்பத்தில் அளந்து, "சரியாதான் சார் கீது," என்றான். அவன் கையிலிருந்த மீட்டரைக் கொர்னேலியஸ் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இத எந்தத் திருவிழாவுல வாங்கின?" என்று கேட்டார். லைன்மேன் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். கொர்னேலியஸ் மின்சார ஆபீசுக்கு மனு ஒன்று எழுதித் தெருவில் கையெழுத்து வாங்கினார். டீக்கடை, சலூன், ஜவுளிக் கடை எல்லாரும் போட்டார்கள். தசரதன் மட்டும், "எனக்குத் தெரியாத விசயத்துல நான் கையெழுத்துப் போடறதில்ல," என்று சொல்லிவிட்டான்.

ரேடியோவுக்குள் அளந்தபோது வோல்ட்டேஜ், ரேடியோ கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருப்பதைவிட அதிகமாகவே காட்டியது. அங்கே ஓடுவது செல்லில் இருப்பது போன்ற ஒரே பக்க மின்சாரம் என்பதால் மீட்டர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கொர்னேலியஸ் ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினார். பிறகு, புத்தகம் எழுதியவன் மட்டமான மீட்டர் குடித்தது போக மிச்சத்தைத்தான் எழுதியிருக்கிறான், உண்மையான அளவு இதுதான் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கோடை வந்ததும் ரேடியோக்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

முதலில் வந்தது கிருஷ்ணம்மாவுடையது. மூடியைக் கழற்றியதும் எரிந்த காகிதமும் மெழுகும் கலந்த நாற்றம் அடித்தது. டிரான்ஸ்பார்மர் கருகிப்போயிருந்தது. பழைய சாமான், போகிற காலம் வந்தால் போகும் என்று நேசமணி புதிதாகச் சுற்றிக் கொடுத்தாள். பிறகு சலூன்காரருடையது வந்தது. பிறகு ஜவுளிக் கடை. பிறகு ஒரே வாரத்தில் மூன்று. பின்னறையில் கருகிய டிரான்ஸ்பார்மர்கள் குவிந்தன. நேசமணிக்கு விரல் நுனியெல்லாம் கம்பி கீறி எரிந்தது. கிருஷ்ணம்மாவின் ரேடியோ இரண்டாம் முறையும் கருகி வந்தபோது அவள் கைப்பிடியை விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"இது நான் சுத்தினது. எண்ணி, பேப்பர் வச்சி, சரியா சுத்தினது. இது எப்டிங்க கருவும்?"

"கம்பி மட்டம். மெட்ராஸ்காரன் மட்டமான கம்பிய அனுப்பிட்டான்."

"அதே கம்பியிலதான் போன வருசமும் சுத்துனேன்."

"அப்ப உன் கை சரியில்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. நேசமணி உள்ளே போய் மெஷின்மேல் துணியைப் போட்டு மூடினாள். அன்றும் அடுத்த நாளும் அவள் அதைத் திறக்கவில்லை. கொர்னேலியஸ் மெட்ராஸ் கம்பிக் கடைக்காரரிடம் டிரங்க் கால் போட்டுச் சண்டை பிடித்தார். அவர் அமைதியாக, "ஊரெல்லாம் என்கிட்டதான் வாங்குது. உங்க ஒருத்தருக்கு மட்டும் எப்டி சார் எரியுது?" என்று கேட்டார். கொர்னேலியஸ் போனை வைத்தார். தெருவில் இறங்கி நடந்தபோது யாரைப் பார்த்தாலும் அடிக்கலாம் போலிருந்தது. யாரை அடிப்பது என்பதுதான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தசரதன் சாலையைக் கடந்து வந்தான். கடை போட்ட நாள் முதல் இந்தக் கடை வாசற்படியை மிதிக்காதவன். இடுப்பில் ஒரு ரேடியோ, சட்டைப் பையில் தன் ஜப்பான் மீட்டர்.

"இது ஜவுளிக் கடைக்காரருது. உன்கிட்ட வரமாட்டேன்னுட்டு என்கிட்ட வந்தாரு. திருக இருநூறுல நீ வச்சதா?"

"ஆமா. லைன் இருநூறு கூட இல்ல. அளந்துதான் வச்சேன்."

"நான் இதுவரிக்கும் பிளக்க அளந்ததே இல்ல. திருகு எதுல வருதோ அதுலயே உட்டுருவேன். நேத்திக்குதான் முதமுதலா அளந்தேன். எனக்கு இருநூத்தி முப்பதுக்கு மேல காட்டுது."

"உன் மீட்டர் பொம்ம."

"பொம்மதான். ஒத்துக்கறேன். இங்க ஒரு வோல்ட்டு, அங்க ரெண்டு வோல்ட்டுன்னு பொய் சொல்லும். இவ்ளோ பெரிய பொய் சொல்லாது. வா, ரெண்டையும் ஒரே பிளக்குல வச்சிப் பாப்போம்."

வைத்தார்கள். சின்ன மீட்டரின் முள் தயங்கித் தயங்கிப் போய் இருநூற்று முப்பத்தைந்துக்குப் பக்கத்தில் நின்றது. பெரிய மீட்டரின் முள் ஒரே எடுப்பில் எழுந்து, இருநூறுக்குக் கீழே, அசையாமல் நின்றது. இருவரும் இரண்டையும் பார்த்தார்கள். பின்னறை வாசலில் நேசமணி வந்து நின்றாள்.

"முள்ள பாரு, எப்டி நிக்குது பாரு," என்றார் கொர்னேலியஸ். "உன்னுது ஆடுது."

"ஆடாம நின்னுட்டா நெசமாயிருமா?"

"ஏனோக்குகிட்ட போலாம்," என்றாள் நேசமணி. ஏனோக் அவள் தம்பி; சுரங்கத்தின் எலெக்ட்ரிக் ஒர்க்ஷாப்பில் வேலை. ஷாஃப்டில் கூண்டை ஏற்றி இறக்குகிற மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிற இடம். அங்கே உள்ள மீட்டர் பொய் சொன்னால் ஆள் உயிர் போகும்.

சாயந்தரம் கொர்னேலியஸும் தசரதனும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்கள். ஒர்க்ஷாப்பில் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது அந்த மீட்டர். அதை வேறு எதற்கும் எடுப்பதில்லை, மற்ற மீட்டர்களைச் சரிபார்க்க மட்டும்தான் என்று ஏனோக் சொன்னான். பெட்டியைத் திறந்து கம்பியை மாட்டினான். இருநூற்று முப்பத்திரண்டு.

கொர்னேலியஸ் தன் மீட்டரை இன்னொரு முறை மாட்டச் சொன்னார். மாட்டினான். அதே இருநூறுக்குக் கீழே. ஏனோக் பின்மூடியைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் காட்டினான்.

"மாமா, இது இதோட பாகம் இல்ல. வேற எதுலருந்தோ கழட்டிப் போட்டுக்கீறாங்க. செல்லுல அளந்தா தெரியாது. பிளக்குலதான் தெரியும். இருநூறுன்னு திருகி வச்ச ரேடியோவுல இருநூத்தி முப்பது போனா டிரான்ஸ்பார்மர் சூடேறிக் கருவிரும்."

"பெங்களூர்க்காரன்," என்றார் கொர்னேலியஸ்.

"அவன் மேலயும் தப்புதான். ஆனா எங்க மீட்டரு எதுவா இருந்தாலும், எவ்ளோ பெரிய மீட்டரா இருந்தாலும், கீழ உழுந்து எழுந்து வந்தா இந்தப் பெட்டிக்கு முன்னாடி வச்சிப் பாக்காம யாரும் தொடமாட்டாங்க. நீ என்கிட்ட ஒரு தபா கொண்டாந்திருக்கலாமே."

கொர்னேலியஸுக்குத் திட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. லைன்மேன் சரியாகச் சொல்லியிருந்தான். கம்பிக் கடைக்காரர் நல்ல கம்பியைத்தான் அனுப்பியிருந்தார். நேசமணியின் கை சரியாகத்தான் சுற்றியிருந்தது. பெங்களூர்க்காரன் தப்புச் செய்தான். ஆனால் பல்பு நன்றாக எரிகிறதே என்று கேட்டபோது கேட்காதது அவன் காது இல்லை. திரும்பி வரும் வழியில் தசரதன் மெதுவாகச் சொன்னான்.

"எனக்கும் இதுல பெருமை இல்ல. அந்த வாத்தியார் ரேடியோ அன்னிக்குப் பாடிச்சே, அப்புறம் ரெண்டு தபா என்கிட்ட வந்துது. கடைசி வரிக்கும் என்னா கோளாறுன்னு எனக்குத் தெரியல. உன்ன மாதிரி அளக்கத் தெரிஞ்சா கண்டுபுடிச்சிருப்பேன்."

"ஆறுதல் சொல்றியா?"

"இல்லப்பா. நெசத்த சொல்றேன்."

"சொல்லாத," என்றார் கொர்னேலியஸ்.

வீட்டில் நேசமணியிடம் ஏனோக் சொன்னதை அப்படியே சொன்னார். "உன் கை மேல தப்பு இல்ல," என்றார். "எனக்குத் தெரியும்," என்றாள் அவள். மெஷின்மேல் போட்ட துணியை எடுத்தாள். சுற்ற வேண்டியது நிறைய இருந்தது.

அடுத்த சில வாரம் கொர்னேலியஸ் வீடு வீடாகப் போனார். விற்றுவிட்ட மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொண்டு வெயிலில் தொழிலாளர் குடியிருப்புகளில் லைன் லைனாக நடந்தார். திருகைத் திருப்பி வைக்க வேண்டும் என்றபோது எல்லா வீட்டிலும் கதவைத் திறக்கவில்லை. "நீ வச்ச பிறகுதான் நல்லா பாடுது, தொடாத," என்று சிலர் தடுத்தார்கள். சத்தம் அதிகமாக வருவது நல்லதில்லை, உள்ளே சூடேறுகிறது என்று சொல்லிப் பார்த்தார். "அன்னிக்கு அது நல்லதுன்னு சொன்னது யாரு? நீதானே?" என்று கேட்டார்கள். சிலர் திருப்ப விட்டார்கள். சத்தம் குறைந்ததும் முகத்தைச் சுளித்தார்கள். மின்சார ஆபீசுக்குப் போட்ட மனு மட்டும் போன இடத்திலேயே இருந்தது. அதைத் திருப்பி வாங்கப் போனபோது அந்த லைன்மேன் வாசலில் நின்றுகொண்டு, "வோல்ட்டேஜ் இன்னைக்கு எப்டி சார்?" என்று கேட்டான். கொர்னேலியஸ் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

மெட்ராஸ் போகிறவர் ஒருவரிடம் சொல்லித் தசரதன் ஒரு ஜப்பான் மீட்டர் வாங்கிக் கொடுத்தான். சீமை மீட்டரை விற்கக் கொர்னேலியஸுக்கு மனசு வரவில்லை. ரேடியோவின் உள்ளே மெலிதான இடங்களை அளக்க அதைவிட்டால் வேறு கிடையாது. அங்கே அது இன்னும் உண்மைதான் சொல்லியது. பிளக்குக்குச் சின்னது, உள்ளே பெரியது என்று இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தார். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வாயில் ஏதோ முணுமுணுத்தார். எதை நம்புவது என்று யோசிக்காமல் ஒரு எண்ணைப் படிக்கிற சுகம் அவருக்கு மறுபடி கிடைக்கவே இல்லை. கடைக்கு வருகிற கூட்டமும் பழையபடி ஆகவில்லை. டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் வேறு வர ஆரம்பித்திருந்தன.

கிருஷ்ணம்மாவின் ரேடியோவைக் கடைசியாகத்தான் முடித்தார்கள். நேசமணி இரண்டாம் முறையாகச் சுற்றிய டிரான்ஸ்பார்மர். பெட்டியையும் பாலீஷ் போட்டுத் துடைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு, காலை ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வருகிற நேரமாகப் பார்த்துப் போனார். கடையில் கூட்டம் இருந்தது. பாட்டும் கேட்டது. கல்லாவுக்கு மேலே ஆணியில், தோல் உறை போட்ட ஒரு சின்ன டிரான்சிஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

"வா கொர்னேலி," என்றாள் கிருஷ்ணம்மா. "என் மருமவன் பெங்களூர்லருந்து வாங்கியாந்தான். செல்லு போட்டா போதுமாம். பிளக்கும் வேணாம், வோல்ட்டேஜும் வேணாமாம்."

"உங்க ரேடியோ ரெடி ஆயிடுச்சிக்கா. காசு எதுவும் வேணாம்."

"எங்க வைக்கறது?" அவள் சுற்றிப் பார்த்தாள். முன்பு ரேடியோ இருந்த பலகையில் இப்போது எண்ணெய் டின்கள் இருந்தன. "அரிசி மூட்டை மேல வையேன். சாப்ட்டியா? ரெண்டு இட்லி துன்னுட்டுப் போ."

மூட்டைமேல் வைத்தார். தவிட்டுத் தூசி பறந்து பாலீஷ்மேல் உட்கார்ந்தது. இட்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் நேசமணி அடுப்புக்கு முன்னால் இருந்தாள். "நல்லா பாடிச்சா?" என்று கேட்டாள்.

"போட்டே பாக்கல," என்றார் கொர்னேலியஸ்.